பதினேழாம் ஜாடி

துவைத்து மடித்த கைக்குட்டையில் நத்தையின் கழிவைச் சுற்றி, கைப்பையில் வைத்து, ஒரு பெண் எங்கள் மேசைமேல் கொண்டுவந்து வைத்தபோது மணி பதினொன்று. நான் அப்போதுதான் பிஸ்கெட் பாக்கெட்டைப் பிரித்திருந்தேன். மறுபடியும் மடித்து டிராயருக்குள் போட்டுவிட்டேன்.

"இதுதாங்க சாட்சி," என்றார் அந்தப் பெண்.

சுண்டுவிரல் உயரத்தில் ஒரு கண்ணாடிக் குப்பி. அடியில் பச்சையும் பழுப்புமாக ஒரு சிட்டிகை. மூடியில் ஒட்டியிருந்த காகிதத்தில் 'ஜாடி 4, நாள் 20' என்று அச்சடித்தது போன்ற கையெழுத்து.

"எதுக்குச் சாட்சி?" என்றார் மேடம்.

"நான் சோறு போடலைங்கிறதுக்கு."

மேடம் குப்பியை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார். அவரைப் பற்றி இங்கேயே சொல்லிவிடுகிறேன். இருபத்தெட்டு வருடம் பரீட்சைப் பறக்கும் படையில் இருந்தவர். சட்டைக் காலருக்குள் பிட், கைக்கட்டுக்குள் பிட், பேனா மூடிக்குள் பிட் என்று அவர் பிடித்தவற்றை ஒட்டினால் ஒரு வீட்டுச் சுவர் முழுவதையும் மூடலாம். ஓய்வு பெற்றதும் சும்மா இருக்கப் பிடிக்காமல் துப்பறியும் நிலையம் திறந்தார்.

என்னையும் அவர்தான் பிடித்தார். கல்லூரி வாசலில் ஜெராக்ஸ் கடை வைத்திருந்தேன். முழுப் பாடப்புத்தகத்தையும் தீப்பெட்டிக்குள் அடங்கும்படி சுருக்கித் தருவதில் எனக்கு நல்ல பெயர். கடையை மூட வைத்தவரே மூன்று மாதம் கழித்துக் கூப்பிட்டனுப்பி, "திருட்டுத்தனம் தெரிஞ்ச ஆள் ஒருத்தர் வேணும், வர்றியா?" என்றார். அதைவிட நல்ல நற்சான்றிதழ் எனக்கு யாரும் தந்ததில்லை. அன்றிலிருந்து என் பெயர் ஜெராக்ஸ்.

"முதல்லேர்ந்து சொல்லுங்க," என்றார் மேடம்.

வந்தவர் உயிரியல் ஆய்வுக்கூடத்தில் நன்னீர் நத்தைகளைப் பராமரிக்கிறவர். பதினோரு வருடமாக அதே வேலை. அங்கே காவலாளி முதல் இயக்குநர் வரை எல்லோருக்கும் அவர் நத்தையக்கா.

"நத்தைக்குள்ள சாப்பாடு செரிக்கற சுரப்பி ஒண்ணு இருக்குங்க. அதுக்குள்ள கண்ணுக்குத் தெரியாத உயிருங்க குடியிருக்கு. பச்சையில ஒரு வகை, கரும்பழுப்புல ஒரு வகை. நான் குடித்தனக்காரங்கன்னு சொல்லுவேன். நத்தை சாப்பிட்டாலும் சாப்பிடாட்டியும் அதுல கொஞ்சம் கொஞ்சம் கழிவோட வெளிய வந்துக்கிட்டே இருக்கும்."

"வீட்டைக் காலி பண்ணிக்கிட்டு," என்றேன்.

"ஆமாங்க. அதனாலதான் இந்தப் பச்சை. இலை தின்னதால இல்ல."

"இலை தின்னதாலன்னு யார் சொன்னா?" என்று கேட்டார் மேடம்.

"எங்க பேராசிரியர்."

பேராசிரியரின் ஆராய்ச்சி இதுதான். நத்தை பட்டினி கிடந்தால் உள்ளே குடியிருக்கும் நுண்ணுயிர்களே அதற்குச் சோறு போடும், எடை குறையாது என்பது அவர் கட்சி. பன்னிரண்டு வருடமாகச் சொல்லி வருகிறார். அதை நிரூபிக்க முப்பது ஜாடி, ஜாடிக்கு ஒரு நத்தை, முப்பது நாள் பட்டினி. நேற்றைக்கு முந்தின நாள், அதாவது இருபத்திரண்டாம் நாள் காலையில், ஜாடிகளின் அடியில் கிடந்த பச்சைக் கழிவைப் படம் பிடித்து, நத்தையக்கா எல்லா நத்தைகளுக்கும் திருட்டுத்தனமாக இலை போட்டுச் சோதனையைக் கெடுத்துவிட்டார் என்று புகார் எழுதிக் கொடுத்துவிட்டார்.

"முப்பது நாள் பட்டினியா? தாங்குமா?" என்றேன்.

"தாங்கும். தாங்கறது வேற தம்பி, பசிக்காம இருக்கறது வேற."

"சாப்பாடு போடற ஆள்கிட்டயே பட்டினி போடற வேலையையும் குடுத்திருக்காங்க."

அக்கா அதற்குச் சிரிக்கவில்லை. "நாலு மணிக்கு விசாரணைக் குழு கூடுது. போட்டேன்னு முடிவாயிட்டா வேலை போயிடும். சோதனையைக் கெடுத்தவன்னு எழுதிக் குடுத்துட்டா வேற எந்த ஆய்வுக்கூடத்துலயும் வாசப்படி ஏற விட மாட்டாங்க. எனக்குத் தெரிஞ்சது நத்தை மட்டும்தாங்க. வேற ஒண்ணும் தெரியாது."

"இந்தக் குடித்தன விஷயத்தை இயக்குநர்கிட்டச் சொன்னீங்களா?"

"சொன்னேன். பேராசிரியர் பக்கத்துல நின்னுக்கிட்டு, பதினோரு வருஷம் தண்ணி மாத்தினா விஞ்ஞானி ஆயிட முடியுமான்னு கேட்டார். இயக்குநர் ஒண்ணும் பேசல."

மேடம் நோட்டில் எழுதிக்கொண்டே கேட்டார். "ஒரு இலை கூடப் போடலையே?"

"அந்த இருபத்தொம்பதும்... முப்பதும் பட்டினிதாங்க."

மேடத்தின் பேனா ஒரு வினாடி நின்றது. பிறகு ஓடியது. பாவம், பதற்றத்தில் எண்ணிக்கை தவறுகிறது என்று நினைத்துக்கொண்டேன். நான் நினைத்ததை எல்லாம் மேடம் நோட்டில் எழுதுவதில்லை.

*

ஆய்வுக்கூட இயக்குநர் எங்களைப் பார்த்ததும் நாற்காலியை விட்டு எழுந்து நின்றார். எங்களை என்றால் மேடத்தை.

"மேடம்... நீங்களா?"

"உக்காரும்மா," என்றார் மேடம். அது இயக்குநரின் அறை, இயக்குநரின் நாற்காலி. இருந்தாலும் சொன்ன பிறகுதான் உட்கார்ந்தார்.

"இறுதித் தேர்வுல என் பேனாவைக் கழட்டிப் பார்த்தீங்க மேடம். சத்தியமா அதுக்குள்ள ஒண்ணும் இல்ல."

"தெரியும். அதனாலதான் நீ இங்க உக்காந்திருக்கே."

இயக்குநர் படித்தது மண்ணியல். குழுவில் இன்னொருவர் வானிலைப் பிரிவுத் தலைவர், மூன்றாமவர் நூலகர். நத்தையைப் பற்றித் தெரிந்த ஒரே ஆள் புகார் கொடுத்த பேராசிரியர். அவர் மூன்று மணி வரை வகுப்பில் இருப்பார் என்று தெரிந்தது. மேடம் நத்தை அறைச் சாவியைக் கேட்டார். பேனா சம்பவம் நடந்து பதினெட்டு வருடம் ஆகியிருக்கும், ஆனாலும் சாவி உடனே வந்தது.

நத்தை அறைக்குப் போகும் நடைவழி நெடுகப் பெரிய பெரிய ஆராய்ச்சிச் சுவரொட்டிகள். அங்கே வேலை செய்கிறவர்கள் தினமும் இதைத் தாண்டித்தான் போகிறார்கள். யாரும் நின்று படித்ததற்கான அடையாளம் இல்லை. ஒரு சுவரொட்டியின்மேல் யாரோ குடையை மாட்டியிருந்தார்கள்.

மேடம் ஒவ்வொன்றாக நின்று பார்த்தார். அவர் பழக்கம் அப்படி. பரீட்சை நடக்கும் கூடத்துக்குள் நுழைவதற்கு முன்பு சுவரைப் படித்துவிடுவார். பாதிப் பாடம் சுவரில்தான் எழுதியிருக்கும்.

"ஜெராக்ஸ், அந்தக் குடையை எடு."

எடுத்தேன். பேராசிரியரின் பெயரும் புகைப்படமும் மேலே. கீழே, பெரிதாக்கப்பட்ட ஒரு வண்ணப்படம். கறுப்பு விரிப்பில் பச்சை மணியும் கரும்பழுப்பு மணியும் இறைந்து கிடந்தன. அதன் கீழே ஒரு வரி. சாதாரண மனிதர்களுக்கு அது கோடாகத்தான் தெரியும். தீப்பெட்டி எழுத்தில் சோறு தின்றவன் நான், கண்ணாடி இல்லாமலே படித்தேன்.

"'ஐந்து நாட்கள் உணவின்றி இருந்த நத்தையின் கழிவு. சுரப்பியில் வாழும் இருவகை நுண்ணுயிர்களும் மிகுதியாக வெளியேறுவதைக் காண்க.' மேடம், இவரே எழுதியிருக்காரு! பட்டினி நத்தைக்கும் பச்சையாத்தான் போகும்னு!"

"சத்தம் போடாதே."

"கேஸ் முடிஞ்சுது. நான் பிஸ்கெட் சாப்பிடலாமா?"

"முடியல. அது அஞ்சு நாள், இது இருபத்திரண்டு நாள், அதுக்குள்ள எல்லாம் வெளிய வந்து தீர்ந்திருக்கும்னு சொல்லுவார். குழுவுல யாருக்கும் மறுத்துப் பேசத் தெரியாது."

நான் குடையை இருந்த இடத்திலேயே மாட்டினேன்.

நத்தை அறையில் காற்றுக்குழாயின் மெல்லிய குமிழிச் சத்தம் மட்டும் கேட்டது. ஒரு பக்கம் பெரிய தொட்டி. அதில் சோதனையில் சேராத நத்தைகள் முட்டைக்கோஸ் இலையை மொய்த்துக்கொண்டிருந்தன. எதிர்ப்பக்கம் இரும்பு அடுக்கில் முப்பது ஜாடிகள். ஒவ்வொன்றிலும் எலுமிச்சம்பழ அளவில் ஒரு நத்தை, கண்ணாடியோடு ஒட்டிக்கொண்டு, தொட்டி இருக்கும் திசையில் கொம்பை நீட்டியபடி. இந்த இட ஏற்பாட்டை யோசித்தவருக்கு மனசாட்சி கொஞ்சம் குறைவு.

மேடம் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு ஜாடிகளுக்கு முன்னால் மெதுவாக நடந்தார். முப்பது நத்தைகளும் பதில் தெரியாத மாணவர்கள் மாதிரி பார்த்தன. ஒரே ஒரு ஜாடியில், தண்ணீருக்கு மேலே கண்ணாடியில், இளஞ்சிவப்பாக ஏதோ ஒட்டியிருந்தது.

"யாரோ பபிள்கம் ஒட்டி வெச்சிருக்காங்க, மேடம்."

"முட்டை," என்றார் மேடம். "எத்தனாம் ஜாடி?"

"பதினேழு."

அறை மூலையில் ஒரு பழைய ஃபிரிட்ஜ். கதவில் மஞ்சளாகிப் போன ஒரு விதித்தாள், பேராசிரியரின் கையெழுத்தோடு: தினமும் காலையில் ஒவ்வொரு ஜாடியின் கழிவையும் தனித்தனிக் குப்பியில் எடுத்து, ஜாடி எண்ணும் நாளும் எழுதிச் சேமிக்க வேண்டும். தேதி ஒன்பது வருடத்துக்கு முந்தையது. எழுதியவர் அதற்கப்புறம் இந்தக் கதவைத் திறந்திருப்பார் என்று தோன்றவில்லை, ஏனென்றால் அதன் கைப்பிடி ஒரே ஒருவரின் கைபட்டுத் தேய்ந்திருந்தது.

உள்ளே நாள்வாரியாகத் தட்டுகள். மேடம் இருபதாம் நாள் தட்டை வெளியே எடுத்தார். நாலாம் குழி மட்டும் காலி. அக்கா கொண்டுவந்த குப்பியை அதில் வைத்ததும் வரிசை நிறைந்தது. மேடம் தன் பையிலிருந்து பூதக்கண்ணாடியை எடுத்தார். என் வாழ்க்கையைக் கெடுத்த அதே பூதக்கண்ணாடி.

ஒன்று, இரண்டு, மூன்று என்று பார்த்துக்கொண்டே போனார். பொடிப்பொடியாய்ப் பச்சையும் பழுப்பும் மணிகள். வேறொன்றும் இல்லை. பதினாறு வரைக்கும் அதேதான். பதினேழில் நின்றார். பதினெட்டிலிருந்து முப்பது வரை பார்த்து முடித்துவிட்டு மறுபடி பதினேழுக்கு வந்தார்.

"ஜெராக்ஸ். ஹால்ல முப்பது பேர். இருபத்தொம்பது பேப்பர் வெறுமையா இருக்கு. ஒருத்தன் மட்டும் பக்கம் பக்கமா எழுதியிருக்கான். யார்கிட்ட போவே?"

"எழுதினவன்கிட்ட. அனேகமா என் கடையிலதான் வாங்கியிருப்பான்."

கண்ணாடியை என்னிடம் கொடுத்தார். பதினேழாம் குப்பியில் இருந்தது பொடி இல்லை. தடித்த கயிறு. அதே பச்சை, பழுப்பு மணிகளோடு சேர்ந்து நார் நாராக, நரம்பு நரம்பாக, சந்தேகமே இல்லாமல் முட்டைக்கோஸ் இலை.

"அக்கா நம்மகிட்டயே பொய் சொல்லிட்டாங்களா?"

"காலையிலயே இருபத்தொம்பதுன்னாங்க இல்ல? வாய் உண்மையைச் சொல்லிடுச்சு. அப்புறம்தான் மனசு திருத்துச்சு."

மற்ற தட்டுகளையும் எடுத்துப் பார்த்தோம். பன்னிரண்டாம் நாள் வரை பதினேழும் மற்றவை மாதிரியே. பதின்மூன்றாம் நாளிலிருந்து கயிறு. ஒரு நாள் விடாமல் அந்தக் கயிற்றை எடுத்து, குப்பியில் போட்டு, முத்து முத்தான எழுத்தில் எண்ணும் நாளும் எழுதி அடுக்கி வைத்திருந்தார் அக்கா. திருட்டுத்தனமாகச் சோறு போட்டுவிட்டு, அதன் சாட்சியை மட்டும் விதிப்படி ஃபிரிட்ஜில் வைத்துப் பூட்டியிருக்கிறார். என் தொழில்வாழ்க்கையில் எத்தனையோ கள்ளர்களைப் பார்த்திருக்கிறேன், இப்படி ஒரு கள்ளியைப் பார்த்ததில்லை.

இருபதாம் நாள் தட்டைக் கையில் எடுத்துக்கொண்டு வெளியே வந்தபோது பேராசிரியர் எதிரே வந்தார். தேய்த்த வெள்ளைக் கோட்டு, தேய்த்த சிரிப்பு.

"என்ன மேடம், கழிவைப் பார்க்கவா இவ்வளவு தூரம்?"

"உங்க சுவரொட்டியையும் பார்த்தோம். நல்ல படம். யார் எடுத்தது?"

அவர் முகம் மலர்ந்தது. "நானேதான். பரிசு வாங்கின படம். அதுல இருக்கற ஒவ்வொரு எழுத்தும் என்னோடது."

"அப்படியா?" என்றார் மேடம், என்னைப் பார்க்காமல்.

*

வேலைநீக்க விசாரணை முடியும் வரை நத்தையக்கா உள்ளே வரக் கூடாது என்று உத்தரவு. வண்டி நிறுத்துமிடத்தில் சிமெண்டுத் திண்டில் உட்கார்ந்திருந்தார். மேடம் பக்கத்தில் போய் உட்கார்ந்து, தட்டிலிருந்து பதினேழாம் குப்பியை எடுத்து அவர் மடியில் வைத்தார்.

அக்கா அதைப் பார்த்தார். பிறகு தரையைப் பார்த்தார்.

"பதினோராம் நாள் ராவோட ராவா முட்டை போட்டிருந்துச்சுங்க," என்றார். "காலையில போய்ப் பாக்கறேன், கண்ணாடி முழுக்க முட்டை. பதினோரு நாளா ஒரு வாய் தின்னாத உடம்பு. முட்டையைப் போட்டுட்டு அடியில போய்ச் சுருண்டு கிடந்துச்சு. பிள்ளை பெத்தவளுக்கு ஒரு வாய் குடுக்காம எதிர்ல தொட்டிக்கு மட்டும் இலை போட எனக்குக் கை வரல. அரை இலை. தினமும் அரை இலைதாங்க. மத்த எதையும் தொடல. அதுங்களுக்கும் பசிதான், ஆனா வேலைன்னா வேலை இல்லையா."

"எங்ககிட்ட ஏன் மறைச்சீங்க?"

"ஒண்ணுக்குப் போட்டேன்னு சொன்னா முப்பதுக்கும் போட்டேன்னுதானே எடுத்துப்பாங்க."

எனக்குக் கோபம் வந்தது. இவர்மேல் இல்லை. இந்த அரை இலைக்காக ஒரு மனுஷி வண்டி நிறுத்துமிடத்தில் உட்கார்ந்திருக்க வேண்டியிருக்கிறதே என்று.

"நீங்க பயப்படற அந்த ஒண்ணுதான் உங்களைக் காப்பாத்தும்," என்றார் மேடம். "தின்ன நத்தை போறது எப்படி இருக்கும், தின்னாத நத்தை போறது எப்படி இருக்கும்னு ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வெச்சுக் காட்டினா, மண் படிச்சவங்களுக்கும் புரியும், மழை படிச்சவங்களுக்கும் புரியும். ஆனா அதுக்கு முன்னாடி பதினேழுக்கு நான்தான் போட்டேன்னு நீங்க வாயால சொல்லணும்."

"சொன்னா வேலை போகுமா?"

"போகலாம். போகாதுன்னு நான் சத்தியம் பண்ண மாட்டேன். சொல்லாம இருந்தா இந்தக் குப்பியை நான் காட்ட மாட்டேன். சுவரொட்டியை மட்டும் வெச்சுப் பேசிப் பாக்கறேன். முடிவு உங்களோடது."

மணி மூன்று ஐம்பது. அக்கா குப்பியைக் கைக்குட்டையில் சுற்றி எழுந்தார். என்ன முடிவு செய்தார் என்று சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

*

குழு அறையில் நீள மேசை. ஒரு பக்கம் இயக்குநர், வானிலைத் தலைவர், நூலகர். இந்தப் பக்கம் நாங்கள் மூவர். பேராசிரியர் நின்றபடி படங்களைக் காட்டினார். அழகாகப் பேசினார். இருபத்திரண்டு நாள் பட்டினி கிடந்த பிராணியின் கழிவு பச்சையாக இருக்க ஒரே காரணம் பச்சை இலைதான், முழுச் சோதனையும் பாழ், புதிதாக ஆரம்பிப்பதைத் தவிர வழியில்லை என்று முடித்தார்.

"நீங்க ஏதாவது சொல்லணுமா?" என்று இயக்குநர் அக்காவைக் கேட்டார்.

அக்கா எழுந்து நின்றார். கைக்குட்டையைப் பிரித்தார்.

"பதினேழாம் நம்பருக்கு நான் இலை போட்டேங்க. பன்னிரண்டாம் நாள்லேர்ந்து, தினமும் அரை இலை. முட்டை போட்டிருந்துச்சு. தப்புதான். மத்த இருபத்தொம்பதுக்கும் போடல."

பேராசிரியர் இரண்டு கையையும் விரித்தார். "ஒத்துக்கிட்டாங்களே! இதுக்கு மேல என்ன விசாரணை?"

"கொஞ்சம்தான்," என்ற மேடம், தட்டை மேசை நடுவில் தள்ளினார். நாலாம் குப்பியையும் பதினேழாம் குப்பியையும் இரண்டு வெள்ளைத் தட்டில் கவிழ்த்து, பூதக்கண்ணாடியை இயக்குநரிடம் நீட்டினார். இயக்குநர் பார்த்தார். வானிலைத் தலைவர் பார்த்தார். நூலகர் மூக்கைப் பொத்திக்கொண்டு பார்த்தார்.

"இதுல இலை நார் இருக்கு," என்றார் இயக்குநர். "அதுல வெறும் மணிதான்."

"மிச்சம் இருபத்தெட்டையும் பாருங்க. எதுலயாவது நார் இருந்தா நான் எழுந்து போயிடறேன்."

பார்த்தார்கள். பத்து நிமிடம் ஆனது. வானிலைத் தலைவர் பாதியில் ரசிக்க ஆரம்பித்துவிட்டார். நார் எதிலும் இல்லை.

மேடம் பேராசிரியர் பக்கம் திரும்பினார். "பட்டினி நத்தைக்கும் பச்சை மணி வரும்னு உங்களுக்குத் தெரியுமா, தெரியாதா?"

தெரியாது என்றால் நடைவழியில் அவருடைய பரிசு வாங்கிய படம் தொங்குகிறது. தெரியும் என்றால் புகார் பொய்.

"அது... ஐந்தாம் நாள் எடுத்தது," என்றார்.

"இது இருபதாம் நாள். உங்க விதிப்படி எடுத்து, உங்க ஃபிரிட்ஜ்ல வெச்சது. இன்னும் மணி வருது. உங்க எடைப் பதிவேட்டைக் காட்ட முடியுமா?"

"அது தனிப்பட்ட ஆய்வுக் குறிப்பு."

"கொண்டுவாங்க," என்றார் இயக்குநர். பேராசிரியர் நகரவில்லை.

அதுவரை பேசாமல் இருந்த நூலகர் எழுந்தார். "நான் எடுத்துட்டு வரேன். நோட்டு எடுத்துக் குடுக்கறதுதானே என் வேலை."

பதிவேட்டின் எழுத்து பொடிசு. எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். இத்தனை வருடத்தில் ஒரு சபையில் என் திறமைக்குக் கிடைத்த முதல் மரியாதை. சத்தமாகப் படித்தேன். முதல் நாள், ஏழாம் நாள், பதினாலாம் நாள், இருபத்தோராம் நாள் என நாலு தடவை எடை போட்டிருந்தார். ஒன்றாம் ஜாடி இறங்குமுகம். இரண்டு, இறங்குமுகம். நாலாம் ஜாடி முப்பத்தொரு கிராமில் ஆரம்பித்து இருபத்தாறில் நின்றது. இருபத்தொன்பதும் மெலிந்துகொண்டே வந்திருந்தன. பதினேழு மட்டும் முதலில் இறங்கி, பிறகு ஏறியிருந்தது.

"பதினேழைச் சுத்திப் பென்சில்ல ஒரு வட்டம் போட்டிருக்கு," என்றேன். "பக்கத்துல ஒரு கேள்விக்குறி. இருபத்தோராம் நாள் எடையில."

"மறுநாள் காலையில புகார்," என்றார் மேடம். "ஒரே ஒரு நத்தைக்குத்தான் சாப்பாடு கிடைச்சிருக்குன்னு இந்த ஊர்லயே முதல்ல கண்டுபிடிச்சது நீங்கதான் சார். மிச்சம் இருபத்தொம்பதுக்குக் கிடைக்கலைங்கிறதும், அதுங்க மெலிஞ்சுபோச்சுங்கிறதும் உங்களுக்குத் தெரியும். முப்பது நாள் முடிஞ்சா இந்த நோட்டை எல்லாருக்கும் காட்டணும். சோதனை கெட்டுப்போச்சுன்னு ஆயிட்டா யாரும் கேக்க மாட்டாங்க. அந்த அரை இலை உங்களுக்கு நல்ல சாக்கு."

பேராசிரியர் நாற்காலியைத் தேடி உட்கார்ந்தார். தேய்த்த சிரிப்பு போய்விட்டிருந்தது. பார்க்கச் சங்கடமாகத்தான் இருந்தது.

"பன்னிரண்டு வருஷமா சொல்லிக்கிட்டிருக்கேன்," என்றார், யாரையும் பார்க்காமல். "குடித்தனக்காரங்க சோறு போடுவாங்கன்னு."

அந்த வார்த்தையை அவர் அக்காவிடமிருந்து எடுத்திருக்கிறார் என்பது அவருக்கே தெரிந்ததா என்று தெரியவில்லை. அக்கா அவர் பக்கம் திரும்பினார்.

"வேற எப்பவாவது போடுவாங்களா இருக்கும் சார். இதுங்களுக்குப் போடல. நான் தினமும் கையில தூக்கித் தண்ணி மாத்தறேனே, கனம் குறைஞ்சது எனக்குத் தெரியுமே. நீங்க ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்."

இயக்குநர் மற்ற இருவரிடமும் தணிந்த குரலில் பேசிவிட்டு எழுதத் தொடங்கினார். எழுதி முடித்துப் படித்தார். பேராசிரியர்மீது தனி விசாரணை. பதினேழாம் ஜாடி கணக்கில் சேராது. மற்ற இருபத்தொன்பதின் முடிவுகளும் செல்லும், சோதனை இன்றோடு நிறைவடைகிறது. பராமரிப்பாளர் பணியில் தொடர்வார். ஆனால் விதியை மீறி நாள்தோறும் அரை முட்டைக்கோஸ் இலை வழங்கியதற்காக எழுத்துமூலம் எச்சரிக்கப்படுகிறார்.

அக்கா கையை உயர்த்தினார். "அம்மா, ஒரு திருத்தம். கடைசி ரெண்டு நாள் கால் இலைதான். இலை சின்னது."

இயக்குநர் பேனாவை எடுத்துத் திருத்தினார். மேடம் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அவர் சிரித்து நான் பார்த்ததில்லை, அன்றும் பார்க்கவில்லை, முதுகைத்தான் பார்த்தேன்.

"வேற ஏதாவது சொல்லணுமா?" என்றார் இயக்குநர்.

மன்னிப்புக் கேட்கச் சொல்வார், இரண்டு நாள் வெளியே உட்கார வைத்ததற்கு நியாயம் கேட்பார் என்று நான் காதைத் தீட்டிக்கொண்டிருந்தேன்.

"சோதனை முடிஞ்சுதுன்னு சொன்னீங்களே," என்றார் அக்கா. "அப்போ அந்த இருபத்தொம்பதுக்கும் இப்பவே சாப்பாடு போட்டுடலாமா?"

"போடுங்க," என்றார் இயக்குநர்.

அக்கா ஓடினார். பதினோரு வருடத்தில் அந்த நடைவழியில் அவர் ஓடியது அதுதான் முதல் தடவையாக இருக்க வேண்டும், குடை கீழே விழுந்தது. நாங்கள் பின்னால் நடந்தோம்.

"மேடம், இதே பரீட்சை ஹாலா இருந்து, இந்த அரை இலையை நீங்க பார்த்திருந்தா?"

"பிடிச்சிருப்பேன்."

"இரக்கமே கிடையாதா?"

"உன்னைப் பிடிச்சேன். இப்போ உனக்குச் சம்பளம் யார் தர்றா?"

நான் கீழே கிடந்த குடையை எடுத்து அதே இடத்தில் மாட்டினேன்.

நத்தை அறையில் அக்கா ஒரு முழு முட்டைக்கோஸை மடியில் வைத்து இதழ் இதழாகப் பிரித்துக்கொண்டிருந்தார். நானும் சட்டைக் கையை மடித்துவிட்டு ஆளுக்கொரு இலை பரிமாறினேன். ஒன்றாம் ஜாடி, இரண்டாம் ஜாடி. இலை தண்ணீரில் விழுந்ததும் ஒவ்வொன்றாகக் கண்ணாடியை விட்டு இறங்கி வந்தன, அவசரமாக என்று சொல்ல முடியாது, நத்தைதானே. பதினாறு வரைக்கும் வந்தேன். பதினேழைத் தாண்டிப் பதினெட்டுக்குப் போனேன். அதுதான் பத்து நாள் தின்றிருக்கிறதே.

அக்கா என் கையிலிருந்து ஒரு இலையை வாங்கினார். முழு இலை. முட்டையின் மேல் பட்டுவிடாமல் ஜாடிக்குள் மெதுவாக விட்டார்.

"இனிமே ஒளிச்சு ஒளிச்சுத் திங்க வேண்டாம்," என்றார் அதனிடம். "எல்லாரோடயும் சேர்ந்து சாப்பிடு."